டெஸ்டிங் முடிஞ்சுதா?

வாசகர் கேள்வி

வணக்கம் சார். கோயம்புத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்ட் லீடாக, அதாவது வெளியிடும் முன் பிழை தேடும் குழுவின் பொறுப்பாளராக, இருக்கிறேன். மருந்துக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எங்களுடையது. சுமார் 600 கடைகள் பயன்படுத்துகின்றன. புது வெர்ஷனை ஏப்ரல் 1 அன்று எல்லாக் கடைக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று எம்.டி. சொல்லிவிட்டார். இன்று மார்ச் 2. இன்னும் 41 பக் (பிழை) ஓபனாக, திருத்தப்படாமல் இருக்கின்றன. என்னையும் சேர்த்து மூன்று பேர் டெஸ்ட் செய்கிறோம். தினமும் நாலைந்து புதிதாகக் கிடைக்கின்றன. டெவலப்பர்களோ வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் வசதியை இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் எம்.டி. வந்து “டெஸ்டிங் முடிஞ்சுதா?” என்கிறார். முடிந்தது என்று சொல்ல வாய் வரவில்லை, இன்னும் எத்தனை நாள் என்றும் சொல்லத் தெரியவில்லை. போன ரிலீஸில் ஒரு பக் கடைகளுக்குப் போய்விட்டது. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் “டெஸ்டிங் டீம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்று கேட்டார். அதிலிருந்து, ரிலீஸ் செய்யலாம் என்று ஒப்புதல் தரும் சைன்-ஆஃப் மெயில் எழுத உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது. எப்போது நிறுத்துவது என்று எப்படி சார் முடிவு செய்வது? பக் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய 41 பக் பட்டியலை இரண்டு முறை படித்தேன். அதற்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “முடிஞ்சுதா?” என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாதது உங்கள் திறமைக் குறைவால் அல்ல. அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. டெஸ்ட் செய்து பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை என்று நிரூபிக்கவே முடியாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. டெஸ்டிங் தானாக முடிவதில்லை, நாம்தான் ஓர் இடத்தில் நிறுத்துகிறோம். அந்த இடம் எது என்பதைப் பக் எண்ணிக்கை சொல்லாது. தப்பு நடந்தால் அது யார் கண்ணில் படும், எவ்வளவு சீக்கிரம் படும், நம்மால் திரும்பப் போக முடியுமா என்ற மூன்றும்தான் சொல்லும். என் 24 வருட வேலையில் நான் நம்பி நின்றது இந்த மூன்றை மட்டுமே.

எண்ணிக்கையை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. ஐபிஎம்மில் எட்வர்ட் ஆடம்ஸ் என்பவர் தங்கள் பெரிய மென்பொருள்களில் வந்த பிழைகளை ஆராய்ந்து 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்டுபிடித்த பிழைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எப்படிப்பட்டவை தெரியுமா? ஒரு கணினி அந்த மென்பொருளை 5,000 வருடம் ஓட்டினால் சராசரியாக ஒரு முறை தலைகாட்டக்கூடியவை. வாடிக்கையாளர்களைத் திரும்பத் திரும்பப் படுத்தி எடுத்தது மிகச் சில பிழைகள்தான். ஆகவே 41ஐ 10 ஆக்கினேன் என்றால், எந்த 31 போனது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் திருத்துவதற்குச் சுலபமானவைதான் முதலில் போயிருக்கும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். மூன்றை மட்டும் எடுக்கிறேன்.

முதலாவது, மாத அறிக்கை அச்சில் கடைசிக் கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போகிறது. அதற்கு முக்கியத்துவம் ‘ஹை’ என்று போட்டிருக்கிறீர்கள். எம்.டி. கண்ணில் பட்டது அதுதான் போலிருக்கிறது. கடைக்காரர் பார்த்த உடனே அவருக்குத் தெரியும், எரிச்சல் படுவார், போன் செய்வார். காசுக்கோ மருந்துக்கோ ஒன்றும் ஆகாது. இதை அப்படியே விட்டு ரிலீஸ் செய்யலாம்.

இரண்டாவது, 10 மாத்திரை ஸ்ட்ரிப்பை வெட்டி விற்று, அதில் மூன்றைத் திரும்ப எடுத்தால், இருப்பில் அந்த மூன்றும் வேறு பேட்ச் எண்ணில், அதாவது வேறு எக்ஸ்பைரி உள்ள தயாரிப்புத் தொகுதியின் கணக்கில், போய்ச் சேர்கிறது. இதற்கு ‘லோ’ போட்டிருக்கிறீர்கள், “அரிதாக நடக்கும்” என்ற குறிப்போடு. கடையில் நின்று பாருங்கள். “டாக்டர் மாத்திரையை மாத்திட்டாரு, மீதியை வெச்சுக்கோங்க” என்று கேட்டு யாராவது வராத நாள் உண்டா? அந்த மூன்று மாத்திரைகளின் எக்ஸ்பைரி இந்த மே மாதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திரை அதை 2027 என்று காட்டும். கவுன்ட்டரில் இருப்பவர் திரையை நம்பிக் கொடுப்பார். யாருக்கும் எதுவும் தெரியாது, யாரும் போன் செய்ய மாட்டார்கள். உங்கள் 41இல் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2008இல் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்துக்கு ரிப்போர்ட் அச்சடிக்கும் மென்பொருள் கொடுத்தோம். சைன்-ஆஃப் போட்டது நான். அது பயன்பாட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அங்கிருந்த டெக்னீஷியன் அம்மா இரண்டு தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் பேசாமல் மேஜைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் பக்கத்தில் ஒரு பெரியவரின் பெயர். இரண்டாம் பக்கத்தில் இருந்த, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு அடுத்த படுக்கைக்காரருடையது. டியூபில் அவர் மார்க்கர் பேனாவால் எழுதிவைத்திருந்த லேப் எண்ணோடு ஒப்பிட்டதால்தான் பிடிபட்டது. பிரிண்டரில் பேப்பர் சிக்கி மறுபடி அச்சடித்தால் பக்கங்கள் இப்படி மாறின. நாங்கள் அதைப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. “பேப்பர் சிக்கினால் மறு அச்சில் பக்க வரிசை பிசகுகிறது – லோ” என்று எங்கள் பட்டியலிலேயே, என் கையெழுத்துக்குக் கீழேயே இருந்தது. அந்த அம்மா தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பட்டியல் வந்தாலும் ‘லோ’ என்று போட்டதைத்தான் முதலில் படிக்கிறேன்.

ஆகவே நாளைக் காலை 41ஐயும் எடுத்து, ஹை லோ எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள். இது நடந்தால் கடைக்காரருக்கு உடனே தெரியுமா, தெரியாமலே காசிலோ இருப்பிலோ மருந்திலோ தப்பு விழுமா? உடனே தெரிவது ஒரு பக்கம், சத்தமில்லாமல் நடப்பது இன்னொரு பக்கம். என் கணக்கில் இரண்டாம் பக்கம் ஏழு வருகின்றன. அந்த ஏழும் மூடாமல் ரிலீஸ் கிடையாது. மற்ற 34இல் எதைத் திருத்துவது என்பதற்கு நான் அதிகம் மல்லுக்கட்ட மாட்டேன்.

மூன்றாவது பக் அந்த 41இல் சேராதது. இரண்டு கவுன்ட்டரில் ஒரே சமயம் பில் போட்டால் எப்போதாவது ஒரே பில் எண் இரண்டு முறை வருகிறது. “திரும்ப வரவழைக்க முடியவில்லை” என்று எழுதி மூடிவிட்டிருக்கிறீர்கள். இதை உடனே திறக்க வேண்டும். ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் தனித்துவமாக, தொடர் வரிசையில் இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. இரண்டு பில்லுக்கு ஒரே எண் போனால் கடைக்காரரின் ஆடிட்டர் கையில் அது வெடிக்கும்.

“எங்கள் இடத்தில் வரவில்லை” என்ற வாசகத்தை நான் பயத்தோடுதான் படிப்பேன். தெரக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. 1986 மார்ச்சிலும் ஏப்ரலிலும் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் அடுத்தடுத்து இரண்டு நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள், இருவரும் பின்னர் இறந்தார்கள். முதல் விபத்துக்குப் பின் வந்து பார்த்த தயாரிப்பாளரின் ஆட்களுக்கு அந்தக் கோளாறு வரவேயில்லை. இரண்டாவது விபத்துக்குப் பின், அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் இயந்திரத்தை இயக்கிய ஆபரேட்டரோடு உட்கார்ந்து, அவர் எப்படித் தட்டினாரோ அப்படியே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். கோளாறு வந்தது. பழகிய கையின் வேகத்தில்தான் அது ஒளிந்திருந்தது. சிகிச்சை விவரத்தைத் தட்டிவிட்டு, இயந்திரம் தயாராகும் எட்டு வினாடிக்குள் மேலே போய் ஒரு எழுத்தைத் திருத்தினால், திரையில் ஒன்று இருக்கும், இயந்திரம் வேறொன்று செய்யும். நிதானமாக, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துத் தட்டுகிறவருக்கு அது ஒருநாளும் வராது.

உங்கள் டெஸ்டர்கள் மவுஸில் பில் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மருந்துக் கடையில் பத்து வருடம் நின்றவர் மவுஸைத் தொடுவதே இல்லை. மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்து, என்டர், எண்ணிக்கை, என்டர், எஃப் கீ. திரை வருவதற்கு முன்பே விரல் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு, கிளினிக் விடும் நேரத்தில், இரண்டு கவுன்ட்டர் உள்ள ஒரு கடைக்கு நீங்களே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அந்த ஊழியர்கள் இருவருக்கும் ஒரு டீ வாங்கிக்கொடுத்து, கடை அடைத்த பிறகு உங்கள் புது வெர்ஷனில் அதே வேகத்தில் பில் போடச் சொல்லுங்கள். அந்த இரட்டை எண் அன்றைக்கே உங்கள் கையில் கிடைக்கலாம்.

அடுத்தது, தினமும் நாலைந்து புதிதாக வருகின்றன என்கிறீர்களே, அவை எங்கிருந்து வருகின்றன? கடந்த பத்து நாள் பக்குகளை எடுத்து, ஒவ்வொன்றும் பழைய நிரலிலிருந்தா, வாட்ஸ்அப் வசதியிலிருந்தா, முந்தின நாள் திருத்தியதால் முளைத்ததா என்று குறித்துப் பாருங்கள். பாதிக்குமேல் பின் இரண்டு வகை என்றால் உங்கள் பிரச்சினை டெஸ்டிங்கில் இல்லை. தளம் கொத்திக்கொண்டிருக்கும்போதே கூட்டச் சொல்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. இரண்டு வாரம் மட்டும் புது வேலைகளைச் சேர்க்கும் ஜன்னல் திறந்திருக்கும். அது மூடிய பின் திருத்தங்களுக்கு மட்டுமே இடம். வாரத்துக்கு ஒன்றாக ஏழு, தேவைப்பட்டால் எட்டு முன்வெளியீடுகள் வரும், பிறகு வெளியீடு. ஜன்னல் மூடும்போது தயாராகாதது எவ்வளவு பெரிய நிறுவனத்தின் வேலையானாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்கும். டெஸ்டிங்கை நிறுத்த வேண்டுமானால் முதலில் மாற்றுவதை நிறுத்த வேண்டும். வாட்ஸ்அப் பில் இந்த வெர்ஷனில் வேண்டாம் என்று எம்.டி.யிடம் சொல்லுங்கள். வரும் வெள்ளிக்கிழமை, மார்ச் 6, நிரல் பூட்டப்பட வேண்டும். அதன்பின் அந்த ஏழையும் இரட்டை எண்ணையும் தவிர எதையும் யாரும் தொடக் கூடாது. கட்டம் தள்ளிப்போவதைத் திருத்துகிறேன் என்று ஒருவர் அச்சு நிரலில் கை வைத்து, வரித் தொகை அச்சாகாமல் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னும் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று தோராயமாகக் கணிக்க ஒரு வழி உண்டு. ஏரியில் மீன் எண்ணுகிறவர்கள் செய்வதுதான். கொஞ்சம் பிடித்து அடையாளம் போட்டு விட்டுவிட்டு, மறுபடி வலை வீசி, அதில் அடையாளம் போட்டது எத்தனை என்று பார்ப்பார்கள். உங்கள் டெஸ்டர்களில் இரண்டு பேரை ஒரே பகுதியை, உதாரணமாகக் கொள்முதலும் ரிட்டர்னும், ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்லாமல் இரண்டு நாள் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் 24 பிழை, மற்றவர் 18, இரண்டு பேருக்கும் பொதுவானது 12 என்று வைத்துக்கொள்வோம். 24ஐ 18ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 36. இருவரும் சேர்ந்து பிடித்தது 30. அப்படியானால் இன்னும் ஆறேழு உள்ளே இருக்கலாம். பொதுவானது இரண்டு மூன்றுதான் என்றால், அந்தப் பகுதியில் நீங்கள் கரையில்தான் நிற்கிறீர்கள் என்று பொருள். சுலபமான பிழைகள் இரண்டு பேர் வலையிலும் விழும், கடினமானவை இரண்டிலும் தப்பும். அதனால் உண்மை எண்ணிக்கை இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கையும் எம்.டி. முன்னால் போட்டுக் காட்டுங்கள், அவருக்குச் சட்டென்று புரியும். தொடர்ந்து 300 பில் பிழையே இல்லாமல் வந்தால், பிழை விகிதம் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் வரும் அளவு அது. உங்கள் மூன்று பேரும் கையால் 300 பில் போடவே நாள் பிடிக்கும். 600 கடையில் கடைக்கு 150 பில் என்றால் ஒரு நாளைக்கு 90,000 பில். அதில் நூற்றுக்கு ஒன்று என்றால் 900 தப்பான பில், ஒரே நாளில். பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே என்று சொல்ல வேண்டுமானால் 30,000 பில் சுத்தமாக வர வேண்டும். கையால் ஆகாது.

ஆனால் அந்த 30,000 பில்லும் ஏற்கெனவே இருக்கின்றன! ஒரு கடையின் ஏழு மாத விற்பனைதானே அது. உங்களோடு நல்ல உறவில் இருக்கும் ஒரு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருடைய தரவை வாங்கி, நோயாளிகளின் பெயரையும் போன் எண்ணையும் முதலில் அழித்துவிட்டு, மொத்த பில்லையும் புது வெர்ஷனில் ராத்திரியில் ஓட்டுங்கள். பழைய பில்லின் தொகை, வரி, ஒவ்வொரு பேட்ச் எண்ணின் மீதி இருப்பு மூன்றையும் பைசா சுத்தமாக ஒப்பிடுங்கள். ஒரு டெவலப்பருக்கு இது இரண்டு நாள் வேலை. 2025 செப்டம்பர் 22ஐத் தாண்டிப் பின்னால் போகும் தரவாக எடுங்கள். அன்றுதான் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, உயிர்காக்கும் மருந்துகள் 33க்கு வரியே இல்லாமல் போனது. 21ஆம் தேதி பில்லுக்கு 12 சதவீதமும் 22ஆம் தேதி பில்லுக்கு 5 சதவீதமும் வருகிறதா, 21ஆம் தேதி விற்றதை 25ஆம் தேதி திரும்ப எடுத்தால் விற்ற நாளின் வரியே கழிகிறதா என்று பாருங்கள். உங்கள் மென்பொருளுக்கு இதைவிட நல்ல டெஸ்ட் கேஸை நீங்களாக உட்கார்ந்து எழுத முடியாது. கட்டுப்பாடுள்ள சில மருந்துகளின் விற்பனையைக் குறிக்கும் எச்1 பதிவேட்டையும் அதே தரவில் எடுத்துப் பாருங்கள். மூன்று வருடம் வைத்திருக்க வேண்டிய பதிவு அது. இன்ஸ்பெக்டர் கேட்கும் நாளில்தான் டாக்டர் பெயர் விடுபட்டது தெரியவந்தால் மாட்டிக்கொள்வது கடைக்காரர்.

தேதியைப் பற்றிச் சொல்கிறேன். செப்டம்பர் 22 அரசு வைத்த தேதி, அதை யாரும் நகர்த்த முடியாது. ஏப்ரல் 1 உங்கள் எம்.டி. வைத்தது. பழைய வெர்ஷன் போன வருடமும் அந்தத் தேதியைத் தாண்டி வந்ததுதானே? கடைக்காரருக்கு வருடத்திலேயே மோசமான நாள் அது. இருப்பு எடுப்பது, கணக்கு முடிப்பது, புது பில் வரிசை தொடங்குவது எல்லாம் ஒன்றாக விழும். அன்றைக்குப் புதுத் திரையையும் நீட்டினால் எது உங்கள் பிழை, எது அவர் பிழை என்றே தெரியாமல் போகும். தொடர்ந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும், காலாண்டுக்கு ஒரு முறை செய்பவருக்கு 13ஆம் தேதியும் 22ஆம் தேதியும்.

என் யோசனை இது. மார்ச் 16 திங்கட்கிழமை 12 கடைக்கு மட்டும் கொடுங்கள். ஸ்கூட்டரில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கடைகளாக, இரண்டு கவுன்ட்டர் உள்ளவை நாலைந்தாவது இருக்கும்படி, பழைய மெதுவான கணினி வைத்திருப்பவர் இரண்டு பேராவது இருக்கும்படி எடுங்கள். மார்ச் முடிவதற்குள் அந்த 12 கடைகளில் மட்டுமே 27,000 நிஜ பில் ஓடியிருக்கும். வருட முடிவையும் அவர்கள் உங்கள் கண்முன்னால் தாண்டுவார்கள். ரிட்டர்ன் தேதிகள் முடிந்தபின், ஏப்ரல் 23 அன்று 50 கடை. 27ஆம் தேதிக்குமேல் மீதி. எம்.டி.க்கு ஏப்ரல் 1 முக்கியம் என்றால், அன்றைக்கு 12 கடையில் புது வெர்ஷன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே நாளில் எல்லாருக்கும் கொடுப்பதன் விலை என்ன என்று 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய கோப்பு. உள்ளே இருந்த நிரல் 20 மதிப்புகளைத்தான் கொடுக்கும், கோப்பு 21ஆவதைத் தேடியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினிகளைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாக ஆள் போய்க் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது. முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு அனுப்பி ஒரு மணி நேரம் பார்த்திருந்தால், அந்தப் பிழை அந்தக் கொஞ்சத்தோடு நின்றிருக்கும்.

திரும்பிப் போவதையும் டெஸ்ட் செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாதது இதுதான். நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று புது நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில்தான் ஏறியிருந்தது. எட்டாவதில் இருந்த பழைய நிரல் உயிர்பெற்றுத் தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. பதற்றத்தில் அவர்கள் சரியாக ஏறியிருந்த ஏழு சர்வரிலிருந்தும் புது நிரலை எடுத்தார்கள். கோளாறு அந்த ஏழுக்கும் பரவியது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. ஒத்திகை பார்க்காத ரோல்பேக், அதாவது பழையதுக்குத் திரும்புவது, இப்படித்தான் இரண்டாவது விபத்தாகும்.

உங்கள் விஷயத்தில் புது வெர்ஷன் தரவுத்தளத்தின் அட்டவணைகளை மாற்றுகிறது என்று பட்டியலிலிருந்து புரிகிறது. அப்படியானால் ஒரு நாள் முழுக்கப் பில் போட்டபின் பழைய வெர்ஷனுக்குத் திரும்பினால் அன்றைய 150 பில் என்ன ஆகும்? ஆபீஸிலேயே ஒரு கணினியில் செய்து பாருங்கள். பேக்கப் எடுங்கள், புதியதை ஏற்றுங்கள், 200 பில் போடுங்கள், பழையதுக்குத் திரும்புங்கள், அந்த 200 பில்லும் இருக்கிறதா என்று எண்ணுங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரம் பார்த்து எழுதிவையுங்கள். 20 நிமிடத்தில் திரும்ப முடியும், ஒரு பில்லும் போகாது என்றால், இப்போதே 12 கடைக்குப் போகும் தைரியம் எனக்கு வரும். திரும்பவே முடியாது என்றால் பக் பூஜ்யமாக இருந்தாலும் ஒரு கடைக்குக்கூட நான் கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, கை நடுங்கும் அந்தச் சைன்-ஆஃப் மெயில். “டெஸ்டிங் முடிந்தது, ரிலீஸ் செய்யலாம்” என்று எழுதச் சொல்லித்தான் உங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அதை எழுதாதீர்கள். அது உங்களால் தர முடியாத உறுதி. நீங்கள் தர வேண்டியது நிலவரம். ரிலீஸ் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கடைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய எம்.டி.யின் வேலை. அவர் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. ஒரே பக்கம் போதும், இப்படி:

“30,000 பழைய பில்லைப் புது வெர்ஷனில் ஓட்டினோம், தொகையும் வரியும் இருப்பும் ஒத்துப்போகின்றன. இரண்டு கவுன்ட்டரில் ஒரே பில் எண் வந்த பிழை திருத்தப்பட்டது, நிஜக் கடையில் மூன்று மாலைகள் பார்த்தோம், வரவில்லை. மூன்று கவுன்ட்டர் உள்ள கடையில் பார்க்கவில்லை, அப்படிப்பட்ட கடைகளுக்கு இப்போது கொடுக்க வேண்டாம். பார்கோடு லேபிள் அச்சு டெஸ்ட் செய்யப்படவில்லை. தெரிந்தே விட்ட பிழைகள் 34, கடைக்காரர் பார்த்தால் என்ன தெரியும், அதுவரை என்ன செய்யலாம் என்று இணைப்பில் இருக்கிறது. பழைய வெர்ஷனுக்குத் திரும்ப 20 நிமிடம் ஆகும். 12 கடைக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. 600க்குக் கொடுக்கலாம் என்று சொல்ல இன்று என்னிடம் ஆதாரம் இல்லை.”

எண்கள் நீங்கள் செய்துபார்த்து நிரப்ப வேண்டியவை. ஆனால் இந்தப் பக்கத்தின் வெற்று வடிவத்தை நாளைக்கே எம்.டி.யிடம் காட்டி, “இந்தக் கட்டங்கள் இப்படி நிரம்பினால் போகலாமா சார்?” என்று ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மார்ச் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். அந்த வாரத்தில் எல்லாரும் களைத்திருப்பார்கள், எந்த எல்லையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எல்லையை இப்போதே, தலை தெளிவாக இருக்கும்போது எழுதிவைத்தால், சாயங்காலம் “முடிஞ்சுதா?” என்று வரும்போது அந்தத் தாளைத் திருப்பிக் காட்டலாம். எது நிரம்பியது, எது நிரம்பவில்லை என்று அவரே பார்த்துக்கொள்வார்.

போன ரிலீஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக் கடைக்குப் போவதற்கு அதை எழுதியவர், பார்த்தவர், தேதி வைத்தவர், எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் அனுப்பியவர் என்று நாலு பேர் வேண்டும். கூட்டத்தில் உங்களை மட்டும் நிறுத்திக் கேட்டது சரியல்ல. உங்கள் எம்.டி. கெட்டவர் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றவில்லை. கடைக்காரர்களின் போனை அன்றைக்கு அவர்தான் எடுத்திருப்பார். அந்தப் பயத்தில்தான் தினமும் வந்து கேட்கிறார். உங்கள் பயமும் அவர் பயமும் ஒன்றுதான், தாளை நடுவில் வைத்துப் பேசுங்கள்.

மார்ச் 16 அன்று அந்த 12 கடைக்காரர்களுக்கும் உங்கள் டீமில் ஒருவரின் நேரடி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி கடை அடைக்கும்வரை அந்தப் போனை எடுக்க ஆள் இருக்க வேண்டும், மருந்துக் கடை பத்து மணிவரை திறந்திருக்கும். முதல் மூன்று நாள் ஒவ்வொரு கடையிலும் கல்லாப் பணத்தையும் திரையில் உள்ள தொகையையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். ரிட்டர்ன் வந்த மாத்திரைகளின் பேட்ச் எண்ணை ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்துப் படித்து ஒப்பிடுங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், காத்திருப்பேன்.